மூலை மடித்த சீட்டு

எங்கள் அய்யா உக்கிரபாண்டி திருவாடானையில் நாற்பத்தொரு வருடம் பத்திரம் எழுதினார். கிரயம், அடமானம் எல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அண்ணன் தம்பி ஒருவன் சட்டையை ஒருவன் பிடிக்காமல் நிலத்தைப் பிரித்துக் கொடுக்க உக்கிரபாண்டியால்தான் ஆகும் என்று சுற்றுவட்டாரத்தில் அவருக்குப் பேர். தொண்டியிலிருந்தும் ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்தும் தேடி வருவார்கள். அந்தப் பேர்தான் கடைசியில் எங்கள் குடும்பத்தைத் தின்றது. அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லிவிடுகிறேன்.

அய்யா பத்தாவது வரைதான் படித்தவர். பழைய பத்திரங்களில் ஓர் இங்கிலீஷ் சொல் திரும்பத் திரும்ப வருமாம். அலாட். இன்ன சர்வே நம்பர் இன்னாருக்கு அலாட் செய்யப்பட்டது என்று. எழுதப் பழகிய காலத்தில், அதற்கு என்ன அர்த்தம் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார். "ஒதுக்குறதுடா, வாயை மூடிட்டு எழுது" என்று மண்டையில் ஒரு குட்டு விழுந்தது. அய்யாவுக்கு அது போதவில்லை. மதுரைக்குப் போனபோது பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த தடி அகராதி ஒன்றை வாங்கி வந்து, அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டி எடுத்துவிட்டார். அதற்கப்புறம் அவரிடம் வந்த எந்தக் கட்சிக்காரரும் அந்தக் கதையைக் கேட்காமல் வீடு திரும்பியதில்லை.

"லாட்டுன்னா மரத்துண்டுய்யா. வெள்ளைக்காரன் தேசத்துல அந்தக் காலத்துல ஆளுக்கொரு துண்டுல ஒரு கீறலைப் போட்டு ஒரு பாத்திரத்துல போடுவாங்க. சண்டைக்குப் போறவன் மாட்டுற இரும்புத் தொப்பியிலகூடப் போடுவாங்களாம். போட்டுக் குலுக்குறது. எவன் துண்டு வருதோ அவனுக்கு அந்தப் பங்கு. அப்படி லாட்டுப் போட்டுப் பிரிக்கிறதுதான் அலாட்டு. பிரெஞ்சுக்காரன் வாய் வழியா இங்கிலீசுக்கு வந்திருக்கு. நம்ம திருவுளச்சீட்டுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? அவன் மரத்துல போட்டான், நாம தாள்ல போடுறோம்."

அந்தச் சொல்லுக்குப் பிற்பாடு வேறு அர்த்தங்களும் ஏறிக்கொண்டன என்பார். பங்காகக் கொடுப்பது, ஒரு காரியத்துக்கென்று ஒதுக்கி வைப்பது. லாட்டு என்பதற்கே தலையில் விழுந்த விதி என்றும் ஓர் அர்த்தம் இருக்கிறதாம். அய்யாவுக்குப் பிடித்தது பழைய அர்த்தம் மட்டும்தான். என் மகள் சிநேகா காலேஜ் படிக்கும்போது, "தாத்தா, எனக்கு ஹாஸ்டல் அலாட் ஆயிருச்சு" என்று போனில் குதித்தாள்.

"சீட்டு எடுத்தாங்களா?"

"இல்ல தாத்தா, ஆபீஸ்லயே போட்டுட்டாங்க."

"அப்ப அது அலாட்டு இல்ல. எவனோ பாத்துக் குடுத்தது" என்று சொல்லிவிட்டார். பிள்ளை குரல் இறங்கிப் போனது. இது ஒரு விஷயமா? ஆனால் அவருக்கு விஷயம்தான். மனுசன் கொடுத்தால் ஓரவஞ்சனை வரும், சீட்டில் கொடுப்பது மனுசன் இல்லை, மனுசன் கை சும்மா எடுக்கிறது, அவ்வளவுதான் என்பது அவருடைய கட்சி.

அவர் சீட்டுப் போடும் முறையும் அப்படித்தான். நிலத்தை ஏ ஷெட்யூல், பி ஷெட்யூல் என்று மூத்தவன் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். ஒரே தாளில் கிழித்த சீட்டு, ஒரே மாதிரி மடிப்பு. குலசாமி முன்னால் பித்தளைச் சொம்பில் போட்டுக் குலுக்கி, அந்த வீட்டில் பிறந்த பெண்பிள்ளையை எடுக்கச் சொல்வார். "பங்கு வேண்டாம்னு கையெழுத்துப் போட்டவ கையிலதான் கள்ளம் இருக்காது" என்பார். ஒருமுறை உப்பூர்ப் பக்கத்து ஆள் ஒருவன், தனக்கு ரோட்டோரப் பங்கு வருகிற மாதிரி சீட்டைக் கொஞ்சம் அடையாளம் பண்ணிக் கொடுக்கச் சொல்லிக் காதைக் கடித்தான். அவனைப் பஸ் ஸ்டாண்டு வரை விரட்டிக்கொண்டு போய்த் திட்டிவிட்டு வந்தார்.

இப்படிப்பட்ட மனுசருக்கு எங்கள் அம்மா பூமயில் நேர் எதிர். வாயைத் திறந்தால் மூட மாட்டாள். "உங்க லாட்டுத் துண்டைக் கொண்டாந்து அடுப்புல வைங்க, உலையாவது கொதிக்கும்" என்பாள். அய்யா சிரித்துக்கொள்வார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குப் பார்வை மங்கல். மீன் குழம்பு வைத்தால் அம்மா எதிரில் உட்கார்ந்து முள்ளை எடுத்து எடுத்து அவர் தட்டில் சதையை வைப்பாள். வைத்துக்கொண்டே ஊர் நியாயம் அத்தனையும் பேசுவாள். எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் அதுதான். அவள் உட்காராமல் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முந்தின ஐப்பசியில் அய்யா கொல்லையில் வழுக்கி விழுந்தார். மத்தியானம், நல்ல மழை. ஊரே களையெடுப்புக்குப் போயிருந்தது. அம்மாவால் அவரைத் தூக்க முடியவில்லை. கத்திப் பார்த்துவிட்டு, அவர் தலையை மடியில் வைத்து, தன் முந்தானையை அவர் முகத்துக்குமேல் பிடித்துக்கொண்டு, வயலுக்குப் போன சனம் திரும்பி வரும்வரை மழையிலேயே உட்கார்ந்திருந்தாள். இடுப்பு எலும்பில் விரிசல். ஆறு மாதம் படுக்கை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் தனியாக இருக்கக் கூடாது என்று என் அண்ணன் வேல்ராஜும் தம்பி வசந்தகுமாரும் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை.

அண்ணன் பரமக்குடியில் பம்புசெட் சாமான் கடை வைத்திருக்கிறான். தம்பி ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர். நிலத்தை இப்போதே பிரித்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது, அண்ணன் பெண்டாட்டி, எங்கள் மதினி, கேட்டது இதுதான்.

"நெலம் சரிபாதின்னா பாக்குறதும் சரிபாதிதான மாமா? எங்க வீட்டுலயும் ரெண்டு பேருக்கு இடம் காணாது, தம்பி வீட்டுலயும் காணாது. ஆளுக்கு ஒருத்தரா வச்சுக்கிறோம். நீங்களே எத்தன பேருக்கு இப்படி எழுதிக் குடுத்திருக்கீக."

எழுதித்தான் கொடுத்திருந்தார். தகப்பனார் சீவனம் மூத்தவர் பொறுப்பு, தாயார் சீவனம் இளையவர் பொறுப்பு என்று அந்தக் கையால் எத்தனையோ பத்திரத்தில் எழுதியிருக்கிறார். "நெஞ்சு உறுத்தலையாய்யா?" என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "கேக்குறத எழுதுறேன் ஆத்தா, நான் என்ன செய்ய?" என்றார் அப்போது. சரிபாதி என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் தன் வீட்டில் மட்டும் எப்படி மாற்றிச் சொல்வார்? தலையைக் குனிந்துகொண்டே, "சரித்தா" என்றார்.

நீ வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று என்னைக் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். இரண்டு மகன் இருக்க மகள் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று அய்யா சொல்லிவிட்டார். என் வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. நானும் இரண்டாம் தடவை வற்புறுத்திக் கூப்பிடவில்லை.

சீட்டுப் போடுகிற அன்று காலையில் அம்மா அடுப்படியில் நின்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

"ஏங்க, ஒரே ஒருக்கா. எனக்காக. எந்த மகன் வீடா இருந்தாலும் சரி, ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குப் போற மாதிரி சீட்டை எழுதுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"சாமிக்குத் தெரியும் பூமயிலு. ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"நாப்பத்தெட்டு வருசம் உங்களுக்குச் சோறாக்கிப் போட்டேன். நான் கேட்டது இது ஒண்ணுதான்."

அய்யா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு சட்டிக்கு வேண்டிய காய்க்கு மேல் நறுக்கிவிட்டாள். போதும்மா என்று நான்தான் கையைப் பிடித்தேன்.

சீட்டை எழுதும்போது அய்யா ஒரே ஒரு திருத்தம் சொன்னார். நிலத்துக்குத் தனிச் சீட்டு. தாய் தகப்பனுக்கு இரண்டு தடவை எடுக்க வேண்டும். மகன்கள் இரண்டு பேர் பேரையும் எழுதிச் சொம்பில் போட்டு, முதலில் அய்யாவுக்கு ஒரு சீட்டு. எடுத்ததை மறுபடி மடித்து உள்ளே போட்டுக் குலுக்கி, அம்மாவுக்கு ஒரு சீட்டு. "ரெண்டு பேரும் ஒரே எடத்துல இருக்கணும்னு சாமி நெனச்சா அதுக்கும் வழி விடணும்ல?" என்றார். அப்படி இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வந்தால் அந்த வீட்டுக்காரன் இன்னொரு அறை போட்டுக்கொள்ள, கிராமத்து வீட்டை அவனுக்கே விட்டுவிடுவது என்றும் சொன்னார். அண்ணனும் சரி என்றான், தம்பியும் சரி என்றான்.

எங்கள் குலசாமி கருப்பர் கோயிலுக்குப் போனதும் கிணற்றடியில் கால் கழுவப் போகிறவர் மாதிரி என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் கை நடுங்கியது.

"லெச்சுமி, ரெண்டு சீட்டுல ஒண்ணுல மூலையை மடிச்சு வச்சிருக்கேன். கையை விட்டா நகத்துல தட்டும். ரெண்டு தடவையும் அதையே எடு. மொத தடவை எடுத்ததும் எங்கிட்டக் குடு, நானே மடிச்சுப் போடுறேன்."

"யார் பேருய்யா அது?"

"எனக்கே தெரியாது ஆத்தா. ரெண்டையும் மடிச்சுக் கலக்கிப் போட்டுட்டு, கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணுல மூலையை மடிச்சேன். எந்த மகன்கிறது சாமி பாடு. நாங்க பிரியக் கூடாது, அம்புட்டுத்தான் நான் செஞ்ச களவு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்கம்மாட்டச் சொல்லிராத. அவ மூஞ்சி காட்டிக் குடுத்துரும். முடிஞ்சப்பறம் நானே சொல்லிக்கிறேன்."

நாற்பத்தொரு வருடத்தில் அவர் செய்த ஒரே திருட்டு அது. அதிலும் பாதியைச் சாமிக்கு விட்டு வைத்திருந்தார்.

சூடம் எரிந்தது. பூசாரி சொம்பைக் குலுக்கி நீட்டினார். முதல் தடவை என் விரலில் அந்த மூலை தட்டியது. எடுத்தேன். வேல்ராஜ். அய்யா வாங்கி, எல்லாரும் பார்க்க மடித்து உள்ளே போட்டார். மறுபடி குலுக்கினார்கள். பூசாரி, "கருப்பனை மனசுல நெனச்சு எடு தாயி. இந்த எடத்துல பொய்க்கை விழுந்தா வம்சத்தைத் தொட்டுரும்" என்றார். எல்லாக் குடும்பத்துக்கும் அவர் வழக்கமாகச் சொல்கிறதுதான், எனக்கும் தெரியும். ஆனால் சிநேகா அப்போது ஏழு மாதம் கர்ப்பமாக இருந்தாள். முந்தின வருடம் ஒன்று கலைந்து போய், இது இரண்டாவது. டாக்டர் மாடிப்படி ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார். சொம்புக்குள் என் விரலில் மூலை நன்றாகத் தட்டியது. நகத்தைக் குத்தியது. என் பிள்ளை வயிறுதான் கண் முன்னால் வந்தது. அந்தச் சீட்டை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

"வசந்தகுமார்" என்று பூசாரி படித்தார்.

நான் அய்யா முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தேன். அவள் அழவில்லை. அய்யாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "உங்க நியாயம் செயிச்சிருச்சுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவளுக்கு வாய் நிறையப் பேச்சு. அன்றைக்கு அவ்வளவுதான் பேசினாள்.

அய்யா பரமக்குடிக்குப் போனார், அம்மா ராமேஸ்வரம் போனாள். மகன்களைக் குறை சொல்ல மாட்டேன், இரண்டு வீட்டிலும் வேளைக்குச் சோறு, மாத்திரை எல்லாம் நடந்தது. தம்பி வீடியோ கால் போட்டுக் கொடுப்பான். அம்மா, "பாத்தாச்சு, நல்லாருக்காரு, வையி" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். சிநேகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக. ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான் பட்டேன். ஆனால் பேத்தியைக் குளிப்பாட்டித் தூக்கும் போதெல்லாம் என் அம்மா ஞாபகம் வந்து குத்தும். இதை நான் யாரிடம் சொல்ல?

தை அமாவாசைக்கு அய்யா பரமக்குடியிலிருந்து பஸ் ஏறித் தனியாக ராமேஸ்வரம் வந்துவிட்டார். நானும் போயிருந்தேன். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, கையில் அம்மாவுக்குப் பிடித்த ஒரு சீப்பு மலைவாழைப்பழம். கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை கெட்டான் போங்கள். அம்மா வாங்க என்று மட்டும் சொன்னாள். அமாவாசைச் சாப்பாடு முடிந்து மறுநாள் நகரை மீன் குழம்பு வைத்தார்கள். அம்மா தட்டு வைத்து, சோறு போட்டு, முள்ளோடு ஒரு துண்டு மீனை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அய்யா தட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு மீனை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டு எழுந்தார்.

நான் அம்மாவின் பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன். "ஏம்மா இப்படிச் செய்யிற? பாவமா இல்ல?" என்றேன்.

"எனக்கு என்ன கோவம்? ஒரு சீட்டுத் துண்டுக்கு நான் சமம்னு அவரு நெனச்சிட்டாரு. நான் கேட்டேன் லெச்சுமி. வாயை விட்டுக் கேட்டேன். முடியாதுன்னுட்டாரு. அது போகட்டும். கேட்டிருக்கவே கூடாதுன்னுதான் இப்பத் தோணுது."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அம்மா, அவர் செய்தார், மூலையை மடித்தார், நான்தான் பாவி, கையை விலக்கிக்கொண்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அம்மா என் முகத்தில் முழிக்காமல் போய்விடுவாளே என்று பயந்தேன். நீயுமா என்று கேட்டுவிட்டால் அதற்குப் பிறகு எனக்கு ஏது பிறந்த வீடு? "குழம்புல உப்பு கூடம்மா" என்று எதையோ உளறினேன். இந்த நாக்கை அறுத்துப் போட்டால் என்ன?

ஆடி மாதம், அமாவாசைக்கு மூன்று நாளைக்கு முன்னால், காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா அப்படியே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அய்யாவைக் கூட்டிக்கொண்டு அண்ணன் கிளம்பி வந்தால் பாம்பனுக்கு முன்னால் அமாவாசைக் கூட்டத்து வண்டிகள் நகரவே இல்லை. மத்தியானம் வர வேண்டியவர்கள் சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள். அய்யா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "பூமயிலு, வந்துட்டேன்" என்றார். இரண்டு தடவை சொன்னார். சுற்றி நின்ற பெண்கள் ஓவென்று கதறினார்கள்.

அன்று இரவே தகனம் முடிந்து, மறுநாள் அக்னி தீர்த்தத்தில் அண்ணனும் தம்பியும் அஸ்தியோடு கடலுக்குள் இறங்கினார்கள். இடுப்பு வலிக்கும் என்று அய்யாவைப் படியில் உட்கார வைத்துவிட்டு நான் பக்கத்தில் இருந்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் சரியா மடிக்கலபோல ஆத்தா. கை நடுக்கம். ரெண்டாந்தரம் மடிச்சுப் போடுறப்ப மூலை விட்டுருச்சு. உன் விரல்ல தட்டாமப் போயிருச்சு. நெதமும் அதைத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்குறேன்."

பதினோரு மாதமாக அந்த மனுசன் தன் கையைத்தான் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். இதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"தட்டுச்சுய்யா. நல்லாத் தட்டுச்சு. நான்தான் விட்டுட்டேன். பூசாரி சொன்னதைக் கேட்டு சிநேகா வயித்துப் பிள்ளைக்கு எதுவும் ஆயிருமோன்னு பயந்துட்டேன்யா. என்னைய அடிங்கய்யா, செருப்பால அடிங்க."

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பயந்திருப்பதான். பெத்தவ பயப்படத்தான் செய்வா" என்றார். பிறகு, "உங்கம்மாட்டச் சொன்னியா?" என்று கேட்டார்.

"எதை?"

"நான் மூலையை மடிச்சத."

"இல்லய்யா. நீங்களே சொல்லிக்கிறேன்னீகளே..."

"நான் எங்க சொன்னேன்? சொன்னா, அப்பறம் ஏன் அந்தச் சீட்டு வரலன்னு கேப்பா. நீதான் எடுக்கலன்னு உம்மேல கோவிப்பான்னு விட்டுட்டேன்." பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, கடற்கரையில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில், நான் பிறந்ததிலிருந்து கேட்டிராத சத்தத்தில் அழுதார். கீழே தண்ணீரில் நின்ற அண்ணனும் தம்பியும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவ கேட்டு நான் செய்யலன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாளே ஆத்தா. பதினோரு மாசம் இருந்துச்சே. நம்ம ரெண்டு பேருல ஒருத்தராவது அவகிட்டச் சொல்லிருக்கக் கூடாதா?"